ரேம் போட்ட பிறகு கம்ப்யூட்டர் ஓடவில்லையா? படிப்படியாகப் பார்ப்போம்

லயத்து வீட்டுக்கு வரும் முதல் கம்ப்யூட்டர் பெரும்பாலும் புதியதாக இருப்பதில்லை. கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் பாவித்துக் கழித்த டெஸ்க்டொப்பை, அங்கே வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ விலை பேசி வாங்கி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருப்பார். சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பாடமாக எடுத்த பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் சில மாதம் போனதும், "ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, ரேம் கூட்டணுமாம்" என்ற பேச்சு வந்துவிடும்.

அப்போது போன் போவது கொழும்புக்குத்தான். ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் வேலை செய்யும் பிள்ளைகள் நமது குடும்பங்களில் பலருக்கு உண்டு. ஜிந்துப்பிட்டியிலிருந்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனால் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள். ஆகவே வாங்குவது கஷ்டமில்லை. சரியானதை வாங்குவதும், வந்த பிறகு அது ஓடாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும்தான் கஷ்டம்.

தவறான ரேம் வந்தால் அதைத் திருப்பி அனுப்பும் செலவு ஒரு பக்கம். கொழும்பில் இருப்பவர் லீவு போட்டுக் கடைக்கு அலைவது இன்னொரு பக்கம். ரேமுக்குக் கொடுத்த சல்லியோ அம்மா மலையில் போட்ட பல நாள் பேர். அதற்கு மேல், யாராவது வந்து பார்த்துவிட்டு "மதர்போர்ட் போயிடுச்சு" என்று சொன்னால், ஓடிக்கொண்டிருந்த நல்ல மெஷினையும் மூலையில் தள்ளிவிடுகிறோம்.

இந்தப் பாடத்தில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். ரேம் மாற்றிய பிறகு மெஷின் ஓடவில்லை என்றால், மேலும் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், எது பிழை என்பதை நாமே பிரித்துப் பார்க்கலாம். அதற்குத் தேவை ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பென்சில் ரப்பர், கொஞ்சம் பொறுமை.

1. ரேம் என்ன வேலை செய்கிறது?

கொழுந்தெடுக்கும்போது கை பறிக்கிறது, முதுகில் கூடை தொங்குகிறது, தூரத்தில் மடுவம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் புரொசசர்தான் கை, ரேம்தான் கூடை, ஹார்ட் டிஸ்க்தான் மடுவம். கூடை சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? நிறைந்த போதெல்லாம் மடுவத்துக்கு நடக்க வேண்டும். கை எவ்வளவு வேகமாக இருந்தாலும் நேரம் நடையிலேயே போய்விடும். ரேம் போதாத கம்ப்யூட்டரும் இப்படித்தான். இடம் போதாததால் அடிக்கடி ஹார்ட் டிஸ்குக்குப் போய் வருகிறது. அதன் விளக்கு நிற்காமல் மினுங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்று நாம் பாவிக்கும் வகை ரேமின் அடிப்படையை 1966இல் கண்டுபிடித்தவர், ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த ரொபர்ட் டெனார்ட். 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு சின்னத் தகவலையும் துளி அளவு மின்சாரமாகச் சேமித்து வைப்பதுதான் அவருடைய யோசனை. அந்த மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே மெஷின் ஒரு செக்கனுக்குப் பல தடவை அதைத் திரும்ப நிரப்புகிறது. கரண்ட் நின்றால் எல்லாம் காலி. சேவ் பண்ணாத பாடம் மறைந்துபோவது இதனால்தான்.

ரேம் பட்டையின் அடியில் தங்க நிறத்தில் வரிசையாக இருப்பவை தொடுமுனைகள். டி.டி.ஆர். 3 பட்டையில் அவை 240, டி.டி.ஆர். 4 பட்டையில் 288. இவற்றில் ஒன்றிரண்டு அழுக்கினால் தொடாமல் போனாலும் மெஷின் எழும்பாமல் நிற்கலாம். மூடுபனியும் ஈரமும் உள்ள நமது மலைப்பகுதிகளில் இதை மறக்கக் கூடாது.

2. கொழும்புக்குப் போன் எடுக்கும் முன்

"ஒரு ரேம் வாங்கி அனுப்புங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. முதலில் பழைய ரேமைக் கழற்றி, அதில் ஒட்டியுள்ள தாளைப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள். அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை இவை.

அ. வகை: பி.சி.2 என்று இருந்தால் டி.டி.ஆர். 2, பி.சி.3 என்றால் டி.டி.ஆர். 3, பி.சி.4 என்றால் டி.டி.ஆர். 4. ஒரு வகைக்குரிய இடத்தில் இன்னொரு வகை பொருந்தாது. அடியில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். போகாததை அழுத்திப் போடப் பார்த்தால் இரண்டும் உடையும்.

ஆ. அளவு: 1, 2, 4, 8 ஜி.பி. என்று இருக்கும்.

இ. வேகம்: 10600, 12800 போன்ற எண்கள். டி.டி.ஆர். 3இல் 10600 என்றால் 1333 வேகம், 12800 என்றால் 1600 வேகம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். அதனால் மெஷினுக்குக் கெடுதல் இல்லை.

ஈ. எண்ணையொட்டி வரும் ஆங்கில எழுத்து: 'யு' என்றால் சாதாரண டெஸ்க்டொப் ரேம். 'எஸ்' என்றால் லெப்டொப்புக்கான குட்டை ரேம். 'ஆர்' என்றால் பெரிய சர்வர் மெஷின்களுக்கானது. சர்வர் ரேம் பழைய சாமானில் சில நேரம் மலிவாகக் கிடைக்கும். பார்த்தால் அதே நீளம், அதே வெட்டு. ஆனால் நமது வீட்டு டெஸ்க்டொப்பில் ஓடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

உ. மதர்போர்டின் மொடல்: ரேம் தாளில் இது இருக்காது, போர்டின் மேலேயே அச்சடித்திருக்கும். ரேம் போடும் இடங்கள் எத்தனை என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பழைய மெஷின்களில் நிறையக் காணப்படும் ஜி31 சிப்செட் போர்ட் 4 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. ஜி41 போர்ட் 8 ஜி.பி. வரை ஏற்கும்.

ஜி41 போர்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 4 ஜி.பி. டி.டி.ஆர். 3 பட்டை போடுவதானால், இரண்டு பக்கமும் எட்டெட்டாக மொத்தம் 16 கறுப்புச் சிப்கள் உள்ளதையே வாங்க வேண்டும். மொத்தம் எட்டுச் சிப் மட்டும் உள்ள 4 ஜி.பி. பட்டையை அந்த போர்ட் சரியாக அறியாது. திரை வராது, அல்லது அளவைக் குறைத்துக் காட்டும். அதேபோல, ஏ.எம்.டி. புரொசசர் உள்ள மெஷினில் மட்டும் ஓடும் மலிவு ரேம்களும் சந்தையில் உண்டு. இன்டெல் மெஷின் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

போன் பேச்சு இப்படி இருந்தால் நல்லது:

"அண்ணே, நம்ம மெஷின்ல டி.டி.ஆர். 3, 2 ஜி.பி., 10600, யு. போர்ட் ஜி41. ரெண்டு இடம் இருக்கு, ஒண்ணு காலி."

"சரி தங்கச்சி. அப்ப 16 சிப் உள்ள 4 ஜி.பி. ஒண்ணு பார்த்து வாங்குறேன். ஓடலைன்னா மாத்தித் தருவாங்களான்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கிறேன்."

இந்த இரண்டு வரிப் பேச்சு பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

3. பொருத்தும் முறை

மெஷினை நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிறகு மெஷினின் பவர் பட்டனைப் பத்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். மூடியைத் திறந்ததும், பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். நமது உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்கக்கூடும். கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள்.

ரேமை ஓரத்தில் பிடித்து, வெட்டையும் குழியிலுள்ள மேட்டையும் ஒன்றுக்கொன்று நேராக வையுங்கள். இரண்டு பெருவிரலாலும் இரண்டு முனையிலும் ஒரே அளவாக அழுத்துங்கள். பக்கத்திலுள்ள கொக்கிகள் "டக்" என்று தாமாக மூட வேண்டும். சில போர்டில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். புதிதாகப் போடுகிறவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து அரைகுறையாக அழுத்திவிடுவார்கள். ரேம் போட்டதும் மெஷின் எழும்பாததற்கு இதுவே மிகச் சாதாரணமான காரணம்.

4. போட்டாச்சு, திரை வரவில்லை

மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது, அல்லது "பீப் பீப்" என்று கத்துகிறது. பயப்பட வேண்டாம். பீப் சத்தத்தின் அர்த்தம் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஆனால் ரேமைத் தொட்ட பிறகு புதிதாகக் கேட்கிறது என்றால் முதலில் ரேமையே சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன்னால் பிளக்கைக் கழற்ற மறக்காதீர்கள்.

முதலாம் படி: மொனிட்டர் வயர் இறுக்கமாக இருக்கிறதா? உள்ளே ஏதாவது வயர் முழங்கை பட்டுக் கழன்றிருக்கிறதா? திரை வந்து, ஹார்ட் டிஸ்க் இல்லை என்ற மாதிரி ஆங்கில வசனம் காட்டினால் பிழை ரேமில் இல்லை. ஹார்ட் டிஸ்க் வயர்தான் கழன்றிருக்கும்.

இரண்டாம் படி: புதிய ரேமைக் கழற்றிவிட்டு, பழையதை மட்டும் அதன் பழைய இடத்தில் போட்டுப் பாருங்கள். ஓடினால் மதர்போர்ட் போகவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யும் வரை, மெஷின் கெட்டுவிட்டது என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

மூன்றாம் படி: பழையதைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை மட்டும் போடுங்கள். ஓடினால் புதியதும் நல்லது. அப்படியென்றால் இரண்டும் சேர்ந்து ஒத்துப்போகவில்லை, அல்லது இரண்டாவது இடத்தில் பிழை.

நான்காம் படி: அதைப் பிரித்தறிய, ஏற்கெனவே ஓடிய பழைய ரேமை இரண்டாவது இடத்தில் போடுங்கள். ஓடாவிட்டால் அந்த இடத்தில் தூசி இருக்கலாம். மெல்லிய புதுத் தூரிகையால் துடைத்து மறுபடி பாருங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். சில போர்டில் எந்த இடத்தை முதலில் நிரப்புவது என்று ஒழுங்கு இருப்பதால் அதையும் பாருங்கள்.

ஐந்தாம் படி: புதியது எந்த இடத்திலும் ஓடவில்லை என்றால், அதன் தங்க நிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக ஒரே பக்கமாகத் தேய்த்து, தூளைச் சுத்தமான காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். பாவித்த ரேமாக இருந்தால் பல தடவை இதிலேயே சரிவரும்.

ஆறாம் படி: மதர்போர்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பெட்டரி இருக்கும். பிளக் கழன்றிருக்கும்போது அதை ஐந்து நிமிஷம் கழற்றி மறுபடி போடுங்கள். பழைய ரேமுக்காக மெஷின் நினைவில் வைத்திருந்த அமைப்புகள் அழிந்து, புதிதாக எண்ணத் தொடங்கும். பிறகு திகதியையும் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பழையது ஓடி, புதியது மட்டும் ஓடாவிட்டால், புதிய ரேம் பழுது, அல்லது நமது போர்டுக்குப் பொருந்தாத வகை. அதை மாற்ற வேண்டும். நமது மெஷினில் பிழை இல்லை.

5. ஓடுகிறது, ஆனால் அளவு குறைவாகக் காட்டுகிறது

பழைய 2 ஜி.பி.யோடு புதிய 4 ஜி.பி. போட்டோம். மொத்தம் 6 வர வேண்டும். விண்டோஸில் பார்த்தால் 3.2 என்று காட்டுகிறது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். மெஷின் தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயோஸ் திரைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 6 ஜி.பி. இருந்தால் ரேம் சரி. உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸ். வீட்டுப் பாவனைக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் பாவிக்காது. அதிலும் ஒரு பகுதி மற்ற உறுப்புகளுக்குப் போக, மூன்று சொச்சம்தான் மிஞ்சும். புரொசசர் ஏற்குமானால் 64 பிட் முறையைப் புதிதாகப் பதிய வேண்டும். அதற்கு முன் பிள்ளையின் பாடங்களையும் படங்களையும் பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள்.

பயோஸ் திரையிலும் 2 ஜி.பி. மட்டும் காட்டினால், புதிய ரேமை மெஷின் அறியவே இல்லை. நான்காம் பகுதிக்குத் திரும்புங்கள். சின்ன அளவு மட்டும் குறைந்தால், உதாரணமாக 6க்குப் பதில் 5.9 என்று காட்டினால், அது பிழையில்லை. படம் காட்டுவதற்காக மெஷின் எடுத்துக்கொண்ட பங்கு அது.

6. ஓடுகிறது, ஆனால் இடையில் நின்றுவிடுகிறது

நீலத் திரை வருகிறது, அல்லது தானாகவே அணைந்து மறுபடி எழும்புகிறது. ரேம் போட்ட நாளிலிருந்து இது தொடங்கியிருந்தால் விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னொஸ்டிக் என்ற சோதனையை ஓட்டுங்கள். தேடும் பெட்டியில் மெமரி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். மெஷின் நின்று, மறுபடி தொடங்கி, தானே சோதிக்கும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருள் இன்னும் கடுமையாகச் சோதிக்கும். அதை பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடலாம். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்ப முடியாது. இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் எது கெட்டது என்று தெரியாது. ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

தோட்டத்து வீடுகளில் கரண்ட் ஏறி இறங்குவதாலும் மெஷின் இப்படி நிற்கலாம். பழைய ரேமை மட்டும் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்றால் காரணம் வேறு.

7. எல்லாம் சரி, ஆனாலும் ஸ்லோ

ரேம் வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். பிள்ளை வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யும்போது மெமரி 90 வீதம் அளவில் நின்றால் ரேம் போதாது. மெமரி 50 வீதத்தில் இருக்க, டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நின்றால் ரேம் கூட்டிப் பயனில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. அந்தச் சல்லியில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போடுவது மேல். கூடை போதும், மடுவத்துக் கதவுதான் திறக்க நேரமெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. ஜி31, ஜி41 காலத்து மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடாது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச முறைகளைப் போட்டு, எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் அவற்றைத் தொடர்ந்து பாவிக்கலாம். அதே நேரம், 2025இன் கடைசி மாதங்களில் உலகச் சந்தையில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ஆகவே மிகப் பழைய மெஷினுக்குச் செலவழிக்கும் முன், அந்தச் சல்லியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வேறு நல்ல மெஷின் கிடைக்குமா என்று கொழும்பில் உள்ளவரிடம் விசாரியுங்கள்.

8. கடைக்குத் திருப்பிக் கொடுக்கும்போது

"ஓடலை" என்று மட்டும் சொன்னால் கடையில், "உங்க மெஷின்லதான் பிழை" என்பார்கள். நீங்கள் செய்த சோதனைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி, ரேமோடும் பில்லோடும் சேர்த்து அனுப்புங்கள். "பழையது இரண்டு இடத்திலும் ஓடியது. புதியது இரண்டு இடத்திலும் ஓடவில்லை. சுத்தம் செய்தும் பார்த்தோம்." இந்த மூன்று வசனம் இருந்தால் ஜிந்துப்பிட்டியில் இருக்கும் அண்ணன் கடையில் தலைநிமிர்ந்து பேசலாம். ரேமிலுள்ள கடை ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். அது கிழிந்தால் மாற்றித் தர மறுப்பார்கள். அனுப்பும்போது, அது வந்த பிளாஸ்டிக் பெட்டியிலேயே அல்லது நிலைமின்சாரம் தாக்காத உறையிலேயே வைத்து அனுப்புங்கள்.

பயிற்சி

வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

1. ரேம் தாளில் எண்ணையொட்டி 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் வாங்கலாமா? ஏன்?

2. புதிய ரேம் போட்டதும் திரை வரவில்லை. மதர்போர்ட் நல்லதா என்று அறிய முதலில் செய்ய வேண்டிய சோதனை எது?

3. பயோஸில் 6 ஜி.பி., விண்டோஸில் 3.2 ஜி.பி. காரணம் என்ன?

4. டாஸ்க் மனேஜரில் மெமரி 50 வீதம், டிஸ்க் 100 வீதம். எதை மாற்ற வேண்டும்?

விடைகள் எல்லாம் மேலே பாடத்திலேயே உள்ளன. விடை தெரிந்த பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கட்டும். ஒரு லயத்தில் ஒருவருக்கு இந்தச் சோதனைகள் தெரிந்திருந்தால், அந்த லயத்திலுள்ள அத்தனை மெஷின்களுக்கும் அது உதவும்.